வெள்ளம் தாங்கும் சப்1 நெல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்1 நெல்லைப் பற்றி ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு விதமாகக் கேட்கிறார்கள், வேளாண் அலுவலர்கள் இன்னொரு விதமாக, விவசாயிகள் வேறு விதமாக. ஆனால் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். இயற்பியல், மரபியல், கணிதம், பொருளியல் நான்கும் இந்த ஒரு நெல்லில் சந்திக்கின்றன. ஒரு துறைக்காரர் சொல்லும் பதிலில் அடுத்த துறையின் கேள்வி தொக்கி நிற்கிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

சப்1னா ஒரு நெல் ரகமா?

இல்லை. நெல்லின் 9-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு பகுதியின் பெயர் அது. முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை பயிர் பிழைக்க அந்தப் பகுதி உதவுகிறது. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து அது கிடைத்தது. ஆய்வாளர்கள் கெனோங் ஷூ, டேவிட் மக்கில் இருவரும் 1996-இல் அதன் இருப்பிடத்தைக் கண்டறிந்தார்கள். அந்தப் பகுதிக்குள் சப்1ஏ, சப்1பி, சப்1சி என மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து இருப்பதும், தாங்கும் திறனைத் தருவது சப்1ஏ-1 என்ற வடிவம்தான் என்பதும் 2006-இல் உறுதியாயின.

இந்தப் பகுதியை ஏற்கெனவே பரவலாகப் பயிராகும் ரகங்களுக்குள் சேர்த்தார்கள். அப்படி வந்தவைதான் ஸ்வர்ணா-சப்1, சம்பா மசூரி-சப்1, ஐஆர் 64-சப்1 முதலியவை. ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் 2009-இல் வெளியானது. கடைக்காரர் 'சப்1 விதை' என்று மட்டும் சொன்னால், எந்த ரகத்தின் சப்1 என்று கேட்டு வாங்குங்கள். வயது, அரிசியின் தன்மை, மகசூல் எல்லாம் தாய் ரகத்தைப் பொறுத்தவை.

நெல் தண்ணியிலதானே வளருது, மூழ்கினா மட்டும் ஏன் சாகுது?

வேர்தான் தண்ணீரில் இருக்கிறது, இலை காற்றில் இருக்கிறது. தண்டுக்குள் ஓடும் காற்றறைகள் வழியே இலையிலிருந்து வேருக்கு ஆக்சிஜன் இறங்குகிறது. இலை நுனியும் மூழ்கியதும் அந்த வழி அடைபட்டுவிடும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆக்சிஜனின் பரவல் கெழு (எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற அளவு) காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 0.00002 சதுர மீட்டர். நீரில் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பரவ ஆகும் நேரத்தைத் தோராயமாகக் காண, தூரத்தின் வர்க்கத்தைப் பரவல் கெழுவின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் கடக்கக் காற்றில் 0.025 நொடி போதும், அசையாத நீரில் 250 நொடி வேண்டும். 10 சென்டிமீட்டர் என்றால் நீரில் சுமார் 29 நாள். வயல் நீர் அசைவதால் நடப்பில் இவ்வளவு ஆகாது. ஆனால் இலைப்பரப்பை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தை வாயு பரவிக் கடந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில்தான் செடிக்கு மூச்சு முட்டுகிறது.

தெளிந்த நீரில் மூழ்கிய நெல்லிலையை உற்றுப் பாருங்கள், வெள்ளி பூசியதுபோல் மின்னும். இலையின் மெழுகுப் பரப்பில் ஒட்டியிருக்கும் காற்றுப் படலம் அது. வாயுப் பரிமாற்றத்துக்குப் பெரிய துணை. சில நாட்களில் மினுமினுப்பு மறைந்து இலை நனைந்துவிடும், நெருக்கடி அப்போது கூடும்.

இதோடு வெளிச்சமும் குறைகிறது. கலங்கல் நீரின் ஒளித்தேய்வுக் கெழு (ஆழம் கூடக்கூட ஒளி மங்கும் அளவு) மீட்டருக்கு 3 என்று வைத்தால், 80 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 9 சதவீத ஒளிதான் போய்ச் சேரும். ஒரே ஆழத்தில், ஒரே நாள் கணக்கில் மூழ்கினாலும் ஆற்று வெள்ளத்தில் அதிகமும் தெளிந்த மழைநீரில் குறைவுமாகப் பயிர் சாவதற்கு இது முக்கியக் காரணம்.

அப்போ இந்த மரபணு தண்ணிக்குள்ள என்னதான் செய்யுது?

செடியை அடங்கியிருக்க வைக்கிறது. செடி எப்போதும் எத்திலீன் வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மூழ்கியதும், மேலே சொன்ன பரவல் தடையால், அது திசுவுக்குள்ளேயே தேங்குகிறது. சாதாரண நெல்லில் தேங்கிய எத்திலீன் ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடும். தண்டும் இலையும் மேலே வர முட்டிமோதி நீளும், சேமித்த மாவுச்சத்து தீர்ந்துபோகும். நீர் வடிந்ததும் அந்தச் செடி நிற்க வலுவில்லாமல் சாய்ந்து அழுகும்.

சப்1ஏ-1 உள்ள செடியில் அதே எத்திலீன் இந்த மரபணுவை இயக்குகிறது. அது எஸ்எல்ஆர்1, எஸ்எல்ஆர்எல்1 என்ற இரு புரதங்களைக் கூட்டி, ஜிப்பரெல்லினின் தூண்டுதலுக்குச் செடி மசியாமல் பார்த்துக்கொள்கிறது. நீட்சி குறைகிறது, மாவுச்சத்தும் பச்சையமும் மிஞ்சுகின்றன. வெளி இலைகள் அழுகினாலும் குருத்து பிழைத்திருக்கும்.

தண்ணி ஏற ஏற கூடவே வளர்ற நெல்லும் இருக்கே, எது சரி?

இரண்டும் சரி, வெள்ளம்தான் வேறு. ஆழநீர் நெல்லில் ஸ்நார்கெல்1, ஸ்நார்கெல்2 என்ற மரபணுக்கள் 12-ஆம் குரோமோசோமில் உள்ளன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் அவற்றை அடையாளம் கண்டார்கள். சப்1ஏ சேர்ந்த அதே மரபணுக் குடும்பம்தான், எத்திலீனுக்குத்தான் இவையும் இயங்குகின்றன, ஆனால் செடியை நீளச் செய்கின்றன. நீர் மாதக்கணக்கில் நிற்கும் இடத்தில் நீண்டு வெளியே வருவதுதான் வழி. பத்து நாளில் வடிந்துவிடும் வெள்ளத்தில் நீண்ட செடிக்கு நட்டம்.

இது மரபணு மாற்றப் பயிரா?

வயலுக்கு வந்த சப்1 ரகங்கள் மரபணு மாற்றப் பயிர்கள் அல்ல. நெல்லை நெல்லோடு கலப்பினம் செய்து, டிஎன்ஏ குறிப்பான்களை (வேண்டிய பகுதி வந்ததா என்று காட்டும் அடையாளத் துண்டுகளை) கொண்டு தேர்ந்தெடுத்தவை. குழப்பம் 2006 ஆய்விலிருந்து வருகிறது. காரணம் சப்1ஏ-தான், பக்கத்து மரபணுக்கள் அல்ல என்று நிரூபிக்க, அந்த ஒரு மரபணுவை மட்டும் தாங்காத ஒரு ரகத்துக்குள் செலுத்திக் காட்ட வேண்டியிருந்தது. அது ஆய்வகச் சான்று மட்டுமே. அந்தச் செடிகள் விதைக்கு வரவில்லை.

பின்கலப்பு எத்தனை தடவை? ஆறுன்னு படிச்சோம், சப்1 சேர்த்தவங்க ரெண்டு மூணோட நிறுத்திட்டாங்களே?

ஸ்வர்ணாவை மீண்டும் மீண்டும் கலந்தால், ஸ்வர்ணாவின் மரபுப் பங்கு சராசரியாக 75, 87.5, 93.75 சதவீதம் என ஏறும். ஆறாவது முறையில் 99.2. குறிப்பான் இல்லாத காலத்தில் இந்தச் சராசரியை நம்பித்தான் ஆறு முறை செய்தார்கள். குறிப்பான் இருந்தால் சராசரிச் செடியை எடுக்கவேண்டிய அவசியமில்லை. இரண்டாம் தலைமுறையிலேயே சராசரியைத் தாண்டிய செடியைப் பொறுக்கிவிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், மரபணுவோடு ஒட்டிக்கொண்டு வரும் பக்கத்துத் துண்டு. ஆறு பின்கலப்புக்குப் பிறகும் ஒவ்வொரு பக்கமும் சராசரியாக ஆறில் ஒரு மோர்கன் (குரோமோசோமில் மரபு இடைவெளியை அளக்கும் அலகு), அதாவது சுமார் 17 சென்டிமோர்கன் நீளத்துக்கு அந்நியத் துண்டு தங்கும். நெல்லில் 1 சென்டிமோர்கன் ஏறக்குறைய 2.5 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். ஆக 99 சதவீதம் ஸ்வர்ணா என்று சொல்லிக்கொண்டே, மரபணுவைச் சுற்றி நூற்றுக்கணக்கான வேற்று மரபணுக்களை வைத்திருக்கலாம். பின்கலப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது சீக்கிரம் தீராது. நெருக்கமான குறிப்பான்களும் போதிய செடிகளும்தான் தீர்வு.

எத்தனை செடி வளர்க்கணும்னு எப்படிக் கணக்குப் போடறது?

வேண்டிய செடி கிடைக்கும் நிகழ்தகவு பி என்க. குறைந்தது ஒன்றாவது கிடைக்கும் என்று 99 சதவீத உறுதி வேண்டுமானால், 0.01-இன் மடக்கையை, 1-லிருந்து பி-யைக் கழித்து வருவதன் மடக்கையால் வகுங்கள்.

மரபணு மட்டும் இருந்தால் போதும் என்றால் பி அரை, 7 செடி போதும். மரபணுவும் வேண்டும், ஒரு பக்கம் 1 சென்டிமோர்கனுக்குள் குறுக்கேற்றமும் (குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) வேண்டும் என்றால் பி 0.005, செடி 919. குறிப்பான் 2 சென்டிமோர்கன் தள்ளியிருந்தால் 459. இரண்டு பக்கமும் 1 சென்டிமோர்கனுக்குள் ஒரே தலைமுறையில் வேண்டும் என்றால் சுமார் 92,000. அதனால்தான் ஒரு தலைமுறையில் ஒரு பக்கம், அடுத்ததில் மறுபக்கம் என்று பிரித்துச் செய்கிறார்கள். கடைசியில் தன்மகரந்தச் சேர்க்கை செய்து இரு பிரதியும் உள்ள செடியை எடுக்க 17 போதும்.

இந்த எண்கள் முளைத்து நிற்கும் செடிகளுக்கானவை. கையால் மகரந்தம் சேர்க்கும்போது பல பூக்கள் விதை பிடிக்காது, பிடித்ததும் எல்லாம் முளைக்காது. தாய்ச் செடிகளை ஒரு வார இடைவெளியில் மூன்று தவணையாக விதைத்தால்தான் இரண்டு பெற்றோரும் ஒன்றாகப் பூக்கும். கணக்கு சரியாக இருந்தும் இந்த இடத்தில் ஒரு பருவத்தை இழப்பவர்கள் நிறைய.

டிஎன்ஏ எடுத்துப் பார்க்கும்போது எங்கே தப்பு வரும்?

இளம் இலையில் 2-3 சென்டிமீட்டர் போதும். அரைத்து, டிஎன்ஏ-வைப் பிரித்தெடுக்க உதவும் சிடாப் (CTAB) கரைசலில் 65 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் வைத்து, குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 கலவையால் பிரித்து, ஐசோபுரொப்பனாலில் வீழ்படிவாக்கி, 70 சதவீத எத்தனாலில் கழுவுவது வழக்கமான முறை. முற்றிய இலையில் ஃபீனால் கூடுதல், படிவு பழுப்பாகிவிடும், பிசிஆர் (டிஎன்ஏ-வின் ஒரு துண்டைப் பெருக்கும் வினை) ஓடாது. கழுவிய எத்தனால் முழுக்க உலராவிட்டாலும் ஓடாது.

பட்டை (பெருகிய டிஎன்ஏ காட்டும் கோடு) வரவில்லை என்பதை 'மரபணு இல்லை' என்று படிப்பதுதான் மோசமான தவறு. பட்டை இருந்தால் மரபணு உண்டு என்று மட்டும் காட்டும் குறிப்பானில், பிசிஆர் தோற்ற செடியும் மரபணு இல்லாத செடியும் ஒரே மாதிரி தெரியும். இரு பெற்றோரின் பட்டையையும் தனித்தனியே காட்டும் குறிப்பானைச் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு தட்டிலும் ஸ்வர்ணா, கொடைப்பெற்றோர் (சப்1-ஐத் தந்த ரகம்), இரண்டின் முதல் தலைமுறைக் கலப்பு, வெறும் நீர் நான்கும் இருக்க வேண்டும். வயல் அட்டையின் எண்ணும் தட்டின் குழி எண்ணும் ஒரே வரிசையில் இருக்கட்டும். ஒரு குழி தள்ளிப்போனால் 96 செடிக்கும் தவறான முடிவு வரும், அடுத்த தலைமுறை வரை யாருக்கும் தெரியாது.

ஸ்வர்ணாவும் ஸ்வர்ணா-சப்1-ம் கலந்துட்டா கண்டுபிடிக்க முடியுமா?

நெல்மணியைப் பார்த்தே ஓரளவு முடியும். ஸ்வர்ணாவின் உமி பொன்பழுப்பு, ஸ்வர்ணா-சப்1-இன் உமி வைக்கோல் நிறம். வெள்ளம் தாங்குவதற்கும் உமியின் நிறத்துக்கும் தொடர்பில்லை. நிறத்தை மாற்றும் மரபிடம் சப்1-க்கு மிக அருகில் இருப்பதால் கூடவே வந்துவிட்டது. பின்கலப்புக் கேள்வியில் சொன்ன பக்கத்துத் துண்டுக்குக் கண்கூடான எடுத்துக்காட்டு இது. விதைச் சான்றுக்கு இது உதவி. ஆனால் வெளிர் உமி கொண்ட வேறு ரகம் கலந்திருந்தால் நிறம் காட்டிக்கொடுக்காது, குறிப்பான் சோதனைதான் வழி.

தொட்டியில மூழ்கடிச்சுச் சோதிக்கிற முறை என்ன?

14 நாள் நாற்று, சுமார் ஒரு மீட்டர் நீர், 14 நாள் மூழ்கல். ஒவ்வொரு தொட்டியிலும் தாங்கும் ஒப்பீடாக எஃப்ஆர் 13ஏ-யும், தாங்காத ஒப்பீடாக ஐஆர் 42-உம் கட்டாயம் வேண்டும். நாட்காட்டியை மட்டும் பார்த்து நீரை வடிக்காதீர்கள். ஐஆர் 42-இல் பெரும்பாலானவை சாகும் கட்டம்தான் அளவுகோல். அது சாகவில்லை என்றால் எல்லா ரகமும் 'தாங்கும்' என்று வரும். முன்னமே முழுக்கச் செத்திருந்தால் நல்ல ரகமும் விழுந்துவிடும். நீரை வடித்த இரண்டு வாரத்துக்குப் பிறகு, புதிய பச்சை இலை விட்ட செடிகளை மட்டும் எண்ணுங்கள். வடித்த அன்றே எண்ணினால் பச்சையாகத் தெரியும் பல செடிகள் அடுத்த நாலு நாளில் சாகும்.

செடியின் உயரத்தை மூழ்கும் முன்னும் வடித்த உடனும் அளந்தால், சப்1 வேலை செய்கிறதா என்பது நீட்சியிலேயே தெரியும். கரைந்த ஆக்சிஜனை விடியும் முன் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை அளக்க வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜனை ஏற்றிவிடும், பகல் அளவீடு மட்டும் ஏமாற்றும். குழாய் நீர்த் தொட்டியில் பிழைக்கும் சதவீதம் ஆற்று வெள்ளத்தைவிட அதிகமாகவே வரும், காரணம் இரண்டாம் கேள்வியில் உள்ளது. தழைச்சத்து அதிகம் போட்ட நாற்று சீக்கிரம் சாகும், எல்லா நாற்றுத் தட்டிலும் உரம் ஒரே அளவில் இருக்கட்டும்.

வெள்ளம் வராத வருஷம் மகசூல் குறையாதா? மூணு ரெப்ளிகேஷன்ல வித்தியாசம் இல்லைன்னு வந்துச்சே?

வித்தியாசம் தெரியவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல. வயலின் மாறுபாட்டுக் கெழு (பாத்திக்குப் பாத்தி மகசூல் ஏறி இறங்கும் அளவு) 10 சதவீதம் என்று வையுங்கள். வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பு, 80 சதவீதத் திறன் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) வைத்துக் கணக்கிட்டால், 10 சதவீத மகசூல் வித்தியாசத்தைப் பிடிக்க ரகத்துக்கு 16 ரெப்ளிகேஷன் (திரும்பச் செய்யும் பாத்திகள்) வேண்டும். மூன்றில் பிடிபடுவது சுமார் 23 சதவீதத்துக்கு மேற்பட்ட வித்தியாசம்தான். ஏழெட்டு சதவீத இழப்பு இருந்தாலும் அந்தச் சோதனை பேசாமல் இருந்துவிடும்.

இழப்பு இல்லை என்று சொல்ல, பல இடம், பல பருவத் தரவைச் சேர்க்க வேண்டும், நம்பக வரம்பையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையையும்) காட்ட வேண்டும். ஸ்வர்ணா-சப்1-க்கு அது நடந்திருக்கிறது. ஆய்வு நிலையங்களோடு நில்லாமல் விவசாயிகளின் வயல்களிலும் வெள்ளமில்லாத நிலையில் மகசூல் இழப்பு தென்படவில்லை. வேறு சப்1 ரகங்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஒவ்வொரு தாய் ரகத்திலும் ஒட்டி வந்த துண்டின் நீளம் வேறு.

விவசாயிக்கு லாபம்னு யார் அளந்தாங்க?

ஒடிசாவின் பத்ரக், பாலேசுவர் மாவட்டங்களில் 128 கிராமங்களில் 2011-இல் குலுக்கல் முறைச் சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில், குலுக்கலில் தேர்வான சில விவசாயிகளுக்கு 5 கிலோ விதை கொடுத்தார்கள். 10 நாள் மூழ்கிய வயலில் ஸ்வர்ணாவைவிட ஸ்வர்ணா-சப்1 சுமார் 45 சதவீதம் கூடுதல் மகசூல் தந்ததாக 2013-இல் வெளியான முடிவு சொல்கிறது. தாழ்ந்த, வெள்ளம் தேங்கும் நிலங்கள் பட்டியல் சாதி விவசாயிகளிடமே அதிகம் இருந்ததால், அவர்களுக்குப் பயன் கூடுதலாகப் போய்ச் சேரும் என்பதும் அதில் தெரிந்தது. நெல் ஆராய்ச்சி இன்னும் உரக்கப் பேசவேண்டிய முடிவு இது.

பொருளியலாளர்கள் எமெரிக், டி ஜான்வ்ரி, சடூலே முதலியோர் 2016-இல் வெளியிட்ட தொடராய்வு இன்னும் சுவையானது. நட்டம் வரும் பயம் குறைந்ததால் விவசாயிகள் கூடுதல் பரப்பில் பயிரிட்டார்கள், உரம் கூட்டினார்கள், தூவி விதைப்பதை விட்டு நடவுக்கு மாறினார்கள், கடனையும் அதிகம் பயன்படுத்தினார்கள். ஆகவே வெள்ளம் வராத ஆண்டிலும் மகசூல் உயர்ந்தது. தொட்டிச் சோதனையில் இந்தப் பயன் தெரியவே தெரியாது.

குலுக்கல் எதுக்கு? விருப்பப்பட்டவங்களுக்குக் கொடுத்து அளந்தா போதாதா?

முன்வந்து கேட்பவர் பெரும்பாலும் நல்ல நிலமும் கையில் பணமும் உள்ளவர். அவருடைய மகசூல் விதை இல்லாமலும் கூடுதலாகவே இருக்கும். குலுக்கல் அந்தக் குழப்பத்தை நீக்குகிறது.

எத்தனை பேரை எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே ஊரில் பத்துப் பேர் என்றால் மண், மழை, வாய்க்கால் எல்லாம் ஒன்று. ஊருக்குள் ஒற்றுமைக் கெழு (ஒரே ஊர்க்காரர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) 0.2 என்றால், மாறுபாடு 1 கூட்டல் 9 பெருக்கல் 0.2, அதாவது 2.8 மடங்காகும். 50 ஊரில் 500 பேரை அளந்தாலும் கிடைப்பது சுமார் 179 தனித்தனி விவசாயிகளின் தகவலுக்குச் சமம். செலவு செய்ய முடிந்தால் ஊர்களைக் கூட்டுங்கள், ஊருக்குள் ஆட்களைக் கூட்டாதீர்கள்.

புது விதைன்னு தெரிஞ்சதாலேயே கூடுதலா உழைச்சிருக்கலாமே?

நியாயமான சந்தேகம். தான்சானியாவில் தட்டைப்பயறில் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். மேம்பட்ட விதை என்று தெரிந்து விதைத்தவர்களும், எந்த விதை என்றே தெரியாமல் விதைத்தவர்களும் ஒரே அளவு அறுத்தார்கள். பழைய விதைதான் கிடைத்தது என்று தெரிந்தவர்கள் மட்டும் குறைவாக அறுத்தார்கள். விதையின் பலன் என்று எண்ணியதில் உழைப்பின் பங்கு எவ்வளவு என்பதை அது காட்டியது.

சப்1-இல் நிலைமை வேறு. மூழ்கிய செடி பிழைப்பது உழைப்பால் மட்டும் ஆகாது, தொட்டியில் எல்லாச் செடிக்கும் ஒரே பராமரிப்பு கொடுத்தும் வித்தியாசம் வருகிறது. ஆனால் வெள்ளமில்லாத ஆண்டின் உயர்வு முழுக்க நடத்தை மாற்றத்தால் வருவதே. ஆய்வாளர் எதை அளக்கிறோம் என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். மரபணுவின் பலன் ஒரு எண், அந்த விதை விவசாயியின் கையில் தரும் பலன் இன்னொரு எண்.

வெள்ளம் வடிஞ்சதும் உடனே யூரியா போடலாமா?

போடாதீர்கள். அப்போது வயல் செத்ததுபோல் இருக்கும், வெளி இலைகள் அழுகித் தொங்கும். செடியைப் பிடுங்கி உழவும் வேண்டாம். தண்டின் அடியைப் பிரித்துப் பாருங்கள், உள்குருத்து வெளிர்பச்சையாக விறைப்பாக இருந்தால் அது பிழைக்கும். ஐந்து முதல் ஏழு நாளில் புது இலை வரும், அதன் பிறகு தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கொடுக்கலாம். மூழ்கிய நாட்களுக்கு ஏற்ப பூப்பும் அறுவடையும் தள்ளிப்போகும், அடுத்த பயிரை அதை வைத்துத் திட்டமிடுங்கள்.

எல்லா வெள்ளத்தையும் தாங்குமா? நம்ம டெல்டாவுக்கு எது?

தாங்காது. இரண்டு வாரத்தைத் தாண்டினால் சப்1-உம் சாகும். 30-50 சென்டிமீட்டர் நீர் மாதக்கணக்கில் தேங்கும் நிலத்தில் குட்டையான சப்1 ரகம் நன்றாக வராது. பூக்கும் கட்டத்தில் மூழ்கினால் மகசூல் போய்விடும். நேரடி விதைப்பில் முளைக்கும் முன்பே நீர் நின்றாலும் சப்1 உதவாது. அதற்கு வேண்டிய திறன் வேறு, மியான்மரின் காவ் லான் ஆன் ரகத்திலிருந்து எடுத்த ஓஎஸ்டிபிபி7 என்ற மரபணு அதற்குக் கைகொடுக்கிறது.

காவிரி டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை சம்பா நடவுக்குப் பின் கொட்டும்போது தாழ்நிலங்கள் மூழ்குகின்றன. அதற்காகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்தது சிஆர் 1009 சப்1. நீண்ட வயது ரகம், எனவே முன்பட்ட சம்பாவுக்கே பொருந்தும். வடிகால் அடைபட்டு மூன்று வாரம் நீர் நிற்கும் வயலில் முதலில் வாய்க்காலைத் தூர்வாருங்கள், விதையை அதற்குப் பிறகு மாற்றலாம்.